ஒன்பதாவது படம்

நாலு பேருக்கு எட்டுப் படம், அதுதான் வழக்கம். டாக்டரம்மா ஒவ்வொரு வாயையும் வேலைக்கு முன்னால் ஒரு தடவை, வேலை முடிந்ததும் ஒரு தடவை போனில் எடுப்பார். திங்கட்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது ஒன்பது வந்திருந்தது.

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதும், மெசேஜ் அனுப்புவதும், அவர்களுடைய வாய்களைப் பெயர் போட்டுச் சேமித்து வைப்பதும் அவள் வேலை. வாய் என்றாலே அவளுக்கு ஆகாது. மீன் கடையில் உட்கார்ந்துகொண்டு வாடை பிடிக்கவில்லை என்கிற மாதிரிதான், அது அவளுக்கே தெரியும். ஆனால் வருகிறவர்களில் ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டு நோவைச் சொல்வார்களா என்றால், கிடையாது. மேசைக்கு இந்தப் பக்கம் வரை தலையை நீட்டி, உதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, "இங்க பாருங்க மேடம், இந்த எடந்தான்" என்று காட்டுவார்கள். அவள் என்ன டாக்டரா? சீழ் கட்டிய ஈறும், முந்தின ராத்திரி சாப்பாட்டின் மிச்சம் அடைத்துக்கொண்ட பல் இடுக்கும், அதிலிருந்து கிளம்புகிற வெதுவெதுப்பான புளித்த காற்றும் முகத்தில் வந்து அடிக்கும்போது, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்து வைப்பாள்.

எல்லாவற்றையும்விட மோசம் ஆஸ்பத்திரி போன். டாக்டரம்மா நோயாளி வாயில் விட்ட கையுறையைக் கழற்றாமலே அதை எடுப்பார், அதே கையோடு திரும்பக் கொண்டுவந்து வைப்பார். எச்சிலும் ரத்தமும் பல் தூளும் திரையில் படிந்து காய்ந்து, வெயில் ஏறினால் இளகி, தொட்ட விரலோடு மெல்லிசாக ஒரு நூல் எழும்பி வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தெரியாத்தனமாக அதைக் காதில் வைத்துப் பேசிவிட்டாள். அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் காதைத் தேய்த்ததில் தோலே உரிந்துபோனது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு 'சோப்பு' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்துக் கொடுத்தான். "இனிமே அதை நீ தொடவே வேணாம் சோப்பு. மெசேஜை இங்கேயே அடிச்சு அனுப்பலாம். படமெல்லாம் தானா வந்து விழும். கேமராவைக்கூட இங்கிருந்தே தெறந்து பாக்கலாம், அது என்ன பாக்குதோ அது உனக்குத் தெரியும்," என்றான். அன்றிலிருந்து அந்த போன் அவள் மேசைக்கு அடியில் இருந்த திறந்த தட்டில், சார்ஜர் ஒயர் மாட்டியபடி நின்றது. அதன் பிசுக்கு முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், திரையை உள்பக்கம் பலகையைப் பார்க்கத் திருப்பி வைக்கும்படி டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் குப்பி. பிடுங்கின பற்களை டாக்டரம்மா அதில்தான் போடுவார், மருந்துத் தண்ணீரில் அவை மிதக்காமல் அடியில் கிடக்கும். சனிக்கிழமைதோறும் கழிவு வண்டிக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அதையும் பார்க்கக் கூடாது என்று பழைய பேப்பரைச் சுற்றி வைத்திருந்தாள்.

ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கினாள். வாய்தான். ஆனால் பல்லே இல்லை. உதடு தெரியவில்லை, தாடை தெரியவில்லை. இளஞ்சிவப்பில் இரண்டு ஈறு மேடுகள், அவற்றின்மேல் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு, நடுவே மடிந்து கிடந்த நாக்கு. வழுவழுவென்று, எங்கேயும் ஒரு காயமோ கறையோ இல்லாமல். அழுகின வாய்களையே பார்த்துப் பழகியவளுக்கு அந்தச் சுத்தம்தான் என்னமோ செய்தது. அடித்தொண்டையில் எச்சில் ஊறியது.

"டாக்டரம்மா, இது யாரோட வாயி?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "கைதவறி எடுத்திருப்பேன். லென்ஸ்ல எச்சில் கிச்சில் பட்டிருக்கும். அழிச்சிடும்மா. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, இதையெல்லாம் உத்து உத்துப் பாக்காதே."

அழித்தாள்.

அவளுக்கு ஐந்தாம் மாதம். போன வருஷத்தது நாலாம் மாதத்தோடு போய்விட்டது. ஒரு நாள் முழுக்க அவளுக்குத் தெரியாமலே உள்ளே செத்துக் கிடந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த ஒரு நாளில் அவள் சிரித்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், சீரியல் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் உடம்பின்மேலேயே அவளுக்குக் குமட்டும். இந்தத் தடவை பிரசவ டாக்டர் அவள் வயிற்றில் கருவியை அழுத்தி வெகுநேரம் கேட்டுவிட்டு, "துடிப்பு ரொம்ப மெல்லிசா இருக்கு. அசைவு ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "வியாழக்கெழமை வாங்க. அதுக்குள்ள ஒரு அசைவாவது தெரிஞ்சா நல்லது," என்றார்.

அதனால் அவள் காத்திருந்தாள். உள்ளே மீன் புரளுகிற மாதிரி இருக்கும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். டைப் அடிக்கும்போதும், கதவு திறக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் ஒரு கை வயிற்றின்மேலேயே கிடந்தது. புருஷன் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மணிக்கு ஒரு தடவை கேட்பான்: அசைஞ்சுதா? இன்னும் இல்ல, என்று அடிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைசி ஆளாகத் தையல்காரத் தாத்தா வந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு முன்பல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அவருக்கு அடுத்ததாக ஸ்கூல் வேன் டிரைவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை. டாக்டரம்மா தாத்தாவின் பஞ்சை மாற்றிவிட்டு, காயத்தைப் படம் எடுத்து, போனைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டாக்டரம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார். மூன்று மணி வரைக்கும் அவள் தனி. நோயாளிகள் சாய்கிற நாற்காலியில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். யார் யாருடைய எச்சிலெல்லாம் ஒழுகின நாற்காலியில் அவளா படுப்பாள்? தன் இடத்திலேயே காலை ஸ்டூலில் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

விழித்தபோது வாயில் கிராம்பு எண்ணெய் வாசம். நாக்கில் ஏதோ நறநறத்தது. போய்க் கொப்பளித்தாள். தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி விழுந்தது. இந்த ஆஸ்பத்திரியில் காற்றே பல் தூள்தான் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னும் இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாத்தாவுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். எப்போதும் செய்கிற மாதிரி, 'சூடாக எதுவும் சாப்பிட வேண்டாம், நாளை வரவும்' என்று அடித்து, கடைசியாக வந்திருந்த படத்தை அதோடு சேர்த்து, கவனிக்காமல் அனுப்பிவிட்டாள். கடைசிப் படம் எப்போதும் வேலை முடிந்த படம்தான், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

அம்மா, இது என் வாய் இல்லையே.

படத்தைத் திறந்தாள். அதே வழுவழுப்பான ஈறு. ஆனால் இப்போது அதில் இரண்டு பற்கள் இருந்தன. முன்னால் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று. பால் பல் இல்லை. மஞ்சள் பூத்து, காபிக் கறை ஏறின பெரிய மனுஷப் பற்கள், அந்தப் பிஞ்சு ஈறில் இடம் போதாமல் பிதுங்கிக்கொண்டு நின்றன. உள்பல்லில் பாதி சொத்தை. அது நின்ற இடத்தில் ஈறு வீங்கி, ஓரத்தில் கொழகொழவென்று ஏதோ கசிந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவறுதலாக வேறு படம் வந்துவிட்டது, மன்னிக்கவும், என்று அடித்து அனுப்பினாள்.

சரிம்மா. ஆனா முன்னால இருக்கிற பல்லு என்னோடதுதான். நடுவுல பள்ளம் தெரியுது பாருங்க. நாப்பது வருஷம் நூல் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்ச பள்ளம். எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

என் பல்லை யாருக்கும்மா வச்சீங்க?

குனிந்து, தட்டிலிருந்த குப்பியைச் சுற்றின பேப்பரை ஒரு விரலால் விலக்கினாள். மருந்துத் தண்ணீர் இருந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது, வண்டி வரவில்லை. மூடி சரியாகத் திருகாமல் கோணலாக உட்கார்ந்திருந்தது. அந்த மூடியிலிருந்து கிராம்பு எண்ணெய் வாசம் வந்தது. அவள் வாயில் இருந்த அதே வாசம். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள், வெறும் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

யாரிடம் சொல்வது? டாக்டரம்மாவிடம் சொன்னால் லீவு போட்டுப் போய்ப் படும்மா என்பார். புருஷனிடம் சொன்னால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். படத்தின் விவரத்தைத் தட்டிப் பார்த்தாள். மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு எடுத்தது. திங்கட்கிழமைப் படத்தைக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுப் பார்த்தாள். அதுவும் ஒன்று நாற்பது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் அவளைத் தவிர யாரும் கிடையாது.

புதன்கிழமை காலையில் பாட்டு டீச்சர் ஒருத்திக்குப் பல் எடுத்தார்கள். வேர் வளைந்து மாட்டிக்கொண்டு, உள்ளறையிலிருந்து முக்கலும் முனகலுமாக முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டரம்மா களைத்துப்போய், கையைக் கழுவிக்கொண்டு, "மத்ததெல்லாம் வந்து பாத்துக்கறேன்," என்று கிளம்பினார். ஷட்டர் பாதி இறங்கியது.

அவள் தூங்கவில்லை. தூங்கவே கூடாது என்று ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஃபேன் கடகடத்தது. உள்ளறையில் துப்புகிற கிண்ணத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் யாரோ உதட்டைச் சப்புகிற மாதிரி கேட்டது. மருந்து வாடைக்கு அடியில் பாட்டு டீச்சரின் ரத்த வாடை இன்னும் இருந்தது, இரும்பைச் சுட்டு எச்சிலில் நனைத்த மாதிரி ஒரு வாடை. அது மூக்கில் ஏறாமல் நேரே நாக்கில் போய் உட்கார்ந்தது. நாக்கு ஊறியது. அவளுக்கே அது கேவலமாக இருந்தது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். அசைவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை.

ஒன்று முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் போனின் ஜன்னலைத் திறந்து, கேமரா என்று இருந்த இடத்தைத் தட்டினாள்.

முதலில் இருட்டு. பிறகு இருட்டுக்குள் ஒரு சிவப்பு, டார்ச் வெளிச்சத்தைக் கையால் பொத்தினால் தெரிகிற சிவப்பு. பிறகு வாய்.

படம் இல்லை. நேரில். ஈறு மேலும் கீழுமாக மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தையல்காரத் தாத்தாவின் பல்லும் வேன் டிரைவரின் பல்லும் எச்சிலில் மின்னின. நாக்கின் நுனி அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் குனிந்து பார்த்தாள். போன் தட்டில்தான் நின்றது. திரை பலகையைப் பார்த்து. லென்ஸ் வெளியே பார்த்து. அவளைப் பார்த்து.

நாற்காலியை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளினாள். கம்ப்யூட்டரில் வாய் மறைந்து, அவளுக்குப் பின்னாலிருந்த சுவரும் தண்ணீர் கேனும் தெரிந்தன. திரும்ப வந்தாள். வாய்.

அருவருப்பெல்லாம் எங்கே போனதோ, வெறுங்கையால் போனை எடுத்தாள். பிசுபிசுவென்று உள்ளங்கையில் ஒட்டியது. சுவருக்குக் காட்டினாள். சுவர். ஃபேனுக்குக் காட்டினாள். ஃபேன். தன் உள்ளங்கைக்குக் காட்டினாள். ரேகை.

வயிற்றுக்குக் காட்டினாள்.

வாய் திறந்தது.

அது திறந்தபடியே நின்றது. கடிக்கவில்லை. சிரிக்கவில்லை. காத்திருந்தது. தீனிக்குத் திறந்த வாய். அவள் ஒரு கையில் போனையும் ஒரு கையில் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் திரையையே பார்த்தாள். ஈறு வெளுத்துக்கொண்டு வந்தது. இளஞ்சிவப்பு மங்கி, சாம்பல் பூத்து. எச்சில் காய்ந்தது. நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. ஏறி இறங்குவது நின்று நின்று வந்தது. பிறகு இன்னும் நின்று வந்தது.

செத்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளை. அவள் கண் முன்னால். இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தே.

மத்தியானத் தூக்கத்தில் தன் கை எங்கே போய்விட்டு வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. நாக்கில் நறநறத்தது எது என்று புரிந்தது. புரிந்ததும் தொண்டை வரைக்கும் வந்த வாந்தியை விழுங்கினாள். எழுந்தாள். உள்ளறைக்குப் போனாள்.

டிரேயில் பஞ்சு. பஞ்சுக்குள் பாட்டு டீச்சரின் பல். வேரோடு. வேரில் தொங்கின சதையோடு. இன்னும் ஈரம்.

கழுவவில்லை. குழாய் பக்கத்திலேயே இருந்தது, கழுவ நேரமில்லை. நாக்கில் வைத்தாள். உப்பு. இரும்பு. கிராம்பு. யாரோ ஒருத்தியின் காலை எச்சில். வேரின் வளைவு தொண்டையில் மாட்டி, குறுக்கே நின்று, கண்ணில் நீர் முட்ட முட்ட, கழுத்தை நீட்டி, இறங்கியது.

நடந்து வந்து உட்கார்ந்து போனைத் தட்டில் வைத்தாள். நேராக. திரை பலகையைப் பார்த்து. லென்ஸ் வயிற்றைப் பார்த்து.

கம்ப்யூட்டரில், மேலேயிருந்து அது வந்தது. ஈறு பிளந்து அதை வாங்கிக்கொண்டது. ஒரு பொட்டு ரத்தம். பிறகு சிவப்பு திரும்பியது, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாக, அழகாக.

அப்புறம் அசைந்தது. மீன் புரளுகிற மாதிரி இல்லை. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக, மேலும் கீழும், மேலும் கீழும், நிதானமாக. அவள் கையில் அது தெரிந்தது. திரையிலும் அதே தாளத்தில் ஈறு அசைந்தது. மென்றது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், வேறென்ன. இத்தனை நாள் ஏங்கின சந்தோஷம், குமட்டலும் அதோடு கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் நெஞ்சை அடைத்தது. "சாப்பிடுடா கண்ணு," என்றாள், "சாப்பிடு."

மென்று முடித்தது. வாய் மறுபடி திறந்தது.

குப்பியைப் பார்த்தாள். காலி. டிரேயைப் பார்த்தாள். காலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்து, மெசேஜ் ஜன்னலைத் திறந்தாள். நோயாளிகள் பட்டியல் நீளமாக ஓடியது, ஆறு வருஷத்து ஆட்கள், பல் சுத்தம் பண்ண வந்தவர்கள், கம்பி போட வந்தவர்கள், சும்மா கேட்டுவிட்டுப் போனவர்கள். எல்லோரையும் தேர்ந்தெடு என்று இருந்ததைத் தட்டினாள். வழக்கமான நடையில், தப்பில்லாமல் அடித்தாள்: தங்கள் பரிசோதனை விவரத்தின்படி ஒரு பல்லை உடனே அகற்ற வேண்டியுள்ளது. இன்றே வரவும்.

அனுப்பினாள். போன் தட்டில் சின்னதாக அதிர்ந்தது, விடாமல் அதிர்ந்தது.

பதில்கள் வரத் தொடங்கின. சரி மேடம். வர்றேன்மா. பிள்ளையைக் கூட்டிட்டு வரட்டுமா? நாலு மணிக்கு வரலாமா? ஒருத்தர் மட்டும் கேட்டிருந்தார்: எந்தப் பல்லுங்க மேடம்? எனக்கு எதுவும் வலிக்கலையே.

அவள் பக்கத்து ஜன்னலில் தெரிந்த வாயை உற்றுப் பார்த்தாள். அது அவளுக்காக இன்னும் பெரிதாகத் திறந்து காட்டியது, மூன்றே மூன்று பற்களும், அவற்றுக்கு நடுவே நீளமாகக் காலியான ஈறும். அவள் விரலால் திரையைத் தொட்டு, எங்கே இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

மேல் வரிசை, என்று அடித்தாள். வலது பக்கம். நாலாவது.